கேரிங்பா காப்பகத்தில் விசாரிக்கப்படாமல் விட்ட முந்தைய வேலை: ஒரு நிகழ்வு ஆய்வு

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்து ஒய்எம்சிஏ அமைப்பு, சிட்னியின் தெற்கே உள்ள கேரிங்பா வட்டாரத்தில், பள்ளி நேரத்துக்கு வெளியே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகங்களை நடத்திவந்தது. 2009-ஆம் ஆண்டில் அங்கே தற்காலிகப் பராமரிப்பு உதவியாளராகச் சேர்ந்த ஜொனாதன் லார்ட் என்ற இளைஞர், பிறகு ஒருங்கிணைப்பாளர் பொறுப்புக்கு உயர்ந்தார். 2011-இல் ஒரு குடும்பத்திலிருந்து எழுந்த புகாரைத் தொடர்ந்து அவர் கைது செய்யப்பட்டார். 6 முதல் 10 வயது வரையிலான 12 சிறுவர்கள் அவரால் பாலியல் கொடுமைக்கு ஆளாகியிருந்தனர். 2013-இல் அவருக்கு 10 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

அதே ஆண்டில், நிறுவனங்களில் குழந்தைகள் மீது நடந்த பாலியல் கொடுமைகளை ஆராய ஆஸ்திரேலியா ஒரு ராயல் கமிஷனை அமைத்தது. அந்த ஆணையம் 2017 வரை பணியாற்றி நடத்திய 57 நிகழ்வு ஆய்வுகளில் இரண்டாவதாக எடுத்துக்கொள்ளப்பட்டது இந்த விவகாரம்தான். 2013 அக்டோபரில் பொது விசாரணை நடந்தது. 2014-இல் அறிக்கை வெளிவந்தது. ஊழியர்களுக்குப் போதிய பயிற்சி இல்லாதது, பாதுகாப்பு விதிகள் காகிதத்தில் நிறைய இருந்தும் அன்றாட வேலையில் நடைமுறைக்கு வராதது, பணி நேரத்துக்கு வெளியே அதே குழந்தைகளை அவர்களுடைய வீடுகளில் லார்ட் பார்த்துக்கொண்டது சக ஊழியர்களுக்குத் தெரிந்திருந்தும் யாரும் அதை மேலிடத்துக்கு எடுத்துச் செல்லாதது என்று பல குறைகளை அந்த அறிக்கை விரிவாகப் பேசுகிறது. இந்த ஆய்வு அவற்றுள் முதல் கட்டத்தை, அதாவது அவர் வேலைக்கு எடுக்கப்பட்ட விதத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அதற்குக் காரணம் உண்டு. மற்ற எல்லாக் குறைகளும் அவர் குழந்தைகள் நடுவே வந்த பிறகு நிகழ்ந்தவை. நியமனத்தின்போது மட்டும்தான் எந்தக் குழந்தைக்கும் இன்னும் எதுவும் நேர்ந்திருக்கவில்லை. முடிவு முழுவதும் நிறுவனத்தின் கையில் இருந்தது.

நியமனத்தில் விடுபட்டது

கேரிங்பாவுக்கு வருவதற்குச் சற்று முன்பு அவர் அமெரிக்காவில் ஒரு முகாமில் குழந்தைகளோடு வேலை பார்த்திருந்தார். அங்கே ஒரு சிறுவனிடம் அவர் நடந்துகொண்ட விதம் கேள்விக்குரியது என்று கருதப்பட்டு, வேலையிலிருந்து நீக்கப்பட்டார். சிட்னியில் அவரை வேலைக்கு எடுத்தவர்களுக்கு இது தெரியாது. முந்தைய பணியிடங்களை விசாரிக்க வேண்டும் என்று நியமனத்துக்கென நிறுவனத்திடமே விதிமுறைகள் இருந்தும், அந்த விசாரணை உரிய முறையில் செய்யப்படவில்லை என்று ஆணையம் கண்டறிந்தது. முறையாகக் கேட்டிருந்தால் அந்தப் பணிநீக்கம் வெளிப்பட்டிருக்கும்.

இதில் என்னை மிகவும் உறுத்துவது, அமெரிக்காவில் அவரை நீக்கிய அந்த முகாமும் ஒய்எம்சிஏ நடத்தியதுதான் என்பது. ஒரே பெயர், ஒரே சின்னம். அந்தப் பெயரைத் தன் பயோடேட்டாவில் கொண்டுவரும் ஒருவரைப் பார்க்கும்போது, நம்மவர்தான் என்ற எண்ணம் எவருக்கும் இயல்பாக எழும். ஏற்கெனவே ஒருமுறை சலித்தெடுக்கப்பட்டவர் என்று மனம் தானாகவே முடிவு கட்டிவிடும். ஆனால் ஒய்எம்சிஏ என்பது ஒவ்வொரு நாட்டிலும், பல இடங்களில் ஒவ்வொரு ஊரிலும், தனித்தனி நிர்வாகத்தின் கீழ் இயங்கும் அமைப்புகளின் கூட்டு. ஓர் இடத்தில் ஒருவர் நீக்கப்பட்டார் என்ற செய்தி இன்னோர் இடத்துக்குத் தானாகப் போய்ச் சேர எந்த வழியும் இல்லை. யாராவது தொலைபேசியை எடுத்துக் கேட்டால்தான் உண்டு. கிளைகள் கொண்ட காப்பகங்களுக்கும், ஒரே அறக்கட்டளையின் கீழ் நடக்கும் பள்ளிகளுக்கும் இது அப்படியே பொருந்தும்: உள்ளிருந்து மாறி வருபவரைப் பற்றித்தான் விசாரணை பெரும்பாலும் தளர்ந்துபோகிறது.

பதிவேட்டில் ஏறாத செய்தி

குற்றப் பின்னணிச் சோதனை இருக்கும்போது, பழைய முதலாளியிடம் கேட்பது எதற்கு என்று நிர்வாகிகள் அடிக்கடி கேட்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை தருகின்றன. குழந்தைகளோடு பணிபுரிவோருக்கென நியூ சவுத் வேல்ஸ் நடத்துவது போன்ற சோதனைகள் முதன்மையாகத் தண்டனைகள், வழக்குகள், அதிகாரபூர்வமாகப் பதிவான ஒழுங்கு நடவடிக்கைகள் ஆகியவற்றைத் தேடுகின்றன. காவல்துறை வரை போகாத ஒரு பணிநீக்கம், அதிலும் வேறொரு நாட்டில் நடந்தது, அந்த வலையில் சிக்காது. அமெரிக்காவில் 2014-ஆம் ஆண்டுச் சட்டம் அரசு நிதி பெறும் குழந்தைப் பராமரிப்பு மையங்களின் ஊழியர்களுக்குக் கைரேகைச் சோதனையையும், கடந்த 5 ஆண்டுகளில் அவர்கள் வசித்த ஒவ்வொரு மாநிலத்தின் பதிவேடுகளையும் பார்ப்பதையும் கட்டாயமாக்கியது. அது நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் அத்தனை பதிவேடுகளிலும் பெயர் இல்லாத ஒருவரைப் பற்றி, அவரோடு ஒரே அறையில் ஆறு மாதம் வேலை பார்த்த மேற்பார்வையாளருக்கு ஒரு தெளிவான கருத்து இருக்கக்கூடும்.

இங்கிலாந்தில் 2002-இல் சோஹம் என்ற ஊரில் இரண்டு சிறுமிகளைக் கொன்றவர், ஒரு பள்ளியின் பராமரிப்புப் பணியாளர். அவர் மீது வேறொரு காவல் மாவட்டத்தில் 1990-களில் பல பாலியல் குற்றச்சாட்டுகள் எழுந்திருந்தன. அவற்றில் எதுவும் தண்டனையில் முடியவில்லை. பள்ளி கேட்டபோது வந்த காவல்துறைச் சோதனை எதையும் காட்டவில்லை. அதை ஆராய்ந்து 2004-இல் அறிக்கை அளித்த சர் மைக்கேல் பிச்சார்ட், தகவல் பரிமாற்றத்தின் ஓட்டைகளோடு நிறுத்திக்கொள்ளாமல், பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் ஆள் தேர்வு குறித்தே பயிற்சி தர வேண்டும் என்று பரிந்துரைத்தார். சோதனை முடிவு சுத்தமாக வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைக்கும் பழக்கத்துக்கு எதிரான எச்சரிக்கையாகவே நான் அதைப் படிக்கிறேன்.

அவசரம் எங்கிருந்து வருகிறது

கேரிங்பாவில் நடந்ததை அலட்சியம் என்ற ஒரு சொல்லால் மூடிவிட்டால், அதே அவசரத்தில் இருக்கும் மற்ற காப்பகங்களுக்கு அதனால் பயன் இல்லை. குழந்தைப் பராமரிப்பில் ஆள் குறைவது மற்ற தொழில்களில் குறைவதைப் போன்றதன்று. ஆஸ்திரேலிய விதிப்படி 2 வயதுக்கு உட்பட்ட 4 குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் இருந்தாக வேண்டும்; இங்கிலாந்தில் அந்த வயதில் 3 குழந்தைகளுக்கு ஒருவர். ஒருவர் திடீரென நின்றுவிட்டால், மீதமிருப்பவர்கள் கூடுதலாக உழைத்து ஈடுகட்ட முடியாது. சட்டப்படி அந்த அறையில் குழந்தைகளின் எண்ணிக்கையைக் குறைத்தாக வேண்டும், அல்லது அறையை மூட வேண்டும். காலை 7 மணிக்குக் குழந்தையைக் கொண்டுவரும் பெற்றோரிடம் அதைச் சொல்ல வேண்டியவர், நேற்று நேர்காணலுக்கு வந்து நன்றாகப் பேசிய இளைஞரை இன்றே வரச் சொல்லிவிடுவதில் வியப்பில்லை. ரெஃபரன்ஸ் விசாரணை, அதாவது பழைய முதலாளியிடம் கேட்பது, பிறகு நடக்கும் என்று குறித்து வைக்கப்படும். பிறகு அது நடப்பதில்லை. ஏனெனில் ஆள் ஏற்கெனவே வேலையில் இருக்கிறார், குழந்தைகள் அவரிடம் ஒட்டிக்கொண்டுவிட்டார்கள், கேட்டு என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

தற்காலிகப் பணி என்பதும் இந்தத் தளர்வுக்கு இடம் தருகிறது. வாரத்தில் சில மணி நேரம் மட்டும் வருபவருக்கு நிரந்தர ஊழியருக்குச் செய்யும் அத்தனை விசாரணையும் தேவையா என்று தோன்றும். கேரிங்பாவில் அவர் நுழைந்தது தற்காலிக உதவியாளராகத்தான்.

நேர்காணலில் கிடைக்கும் நல்லெண்ணத்தையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். குழந்தைகளுக்குத் தீங்கு செய்யும் நோக்கத்தோடு வருபவர், முதலில் சுற்றியுள்ள பெரியவர்களின் நம்பிக்கையைத்தான் சம்பாதிக்கிறார். கேரிங்பாவில் பெற்றோர்கள் அவரை நம்பித் தங்கள் வீடுகளுக்கே அழைத்தார்கள். பாடத்தயாரிப்பு, கலகலப்பு, பொறுமை எல்லாம் அவரிடம் இருந்திருக்கலாம். நேர்காணல் நடத்துபவருக்கு ஏற்படும் நல்ல அபிப்பிராயம் அவருடைய பேச்சுத் திறனுக்கான சான்று. ஆள் குறைவான ஒரு பிற்பகலில் அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதை, அவரோடு அந்தப் பிற்பகலில் இருந்த வேறொருவர்தான் சொல்ல முடியும்.

கடிதமும் அழைப்பும்

விண்ணப்பதாரர் தானே கொண்டுவரும் கடிதத்தை எல்லோரும் பார்த்திருப்போம். ‘உரியவர் கவனத்திற்கு’ என்று தொடங்கும். இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை எங்களிடம் பணிபுரிந்தார், அவருடைய நடத்தை திருப்திகரமாக இருந்தது, அவரது எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம் என்று முடியும். அந்தக் கடிதம் பொய் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அது யாருக்கும் எழுதப்படாதது, எந்தக் கேள்விக்கும் விடையாக எழுதப்படாதது, பெரும்பாலும் விடைபெறும் நாளில் மனக்கசப்பில்லாமல் அனுப்பிவைக்கும் மரியாதைக்காக எழுதப்பட்டது. இங்கிலாந்தின் பள்ளிகளுக்கான பாதுகாப்பு வழிகாட்டி இத்தகைய பொதுக் கடிதங்களை ஏற்கக் கூடாது என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. 2025 செப்டம்பர் முதல் அங்குள்ள மழலையர் காப்பகங்களின் சட்டபூர்வ விதிகளிலும் அது சேர்ந்துவிட்டது: பரிந்துரையை விண்ணப்பதாரர் மூலமாகப் பெறாமல் நிறுவனமே நேரடியாகப் பெற வேண்டும், குடும்பத்தினரிடமிருந்து வருவதை ஏற்கக் கூடாது, பொறுப்பான மேலாளர் ஒருவர் அதைத் தந்திருக்க வேண்டும், மின்னஞ்சலில் வந்தால் அது உண்மையான முகவரியிலிருந்துதான் வந்ததா என்று உறுதிசெய்ய வேண்டும், தெளிவில்லாத இடத்தில் அழைத்துக் கேட்க வேண்டும், கடைசி வேலையை விட்ட காரணத்தை அறிய வேண்டும்.

அழைக்கும் எண் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். விண்ணப்பத்தில் உள்ள கைபேசி எண்ணை அழைத்தால், மறுமுனையில் பேசுபவர் மேலாளரா, நண்பரா என்று அறிய வழியில்லை. அந்தக் காப்பகத்தின் பொது எண்ணைத் தனியாகத் தேடி எடுத்து, அலுவலகம் வழியாக அந்த மேலாளரைக் கேட்டுப் பேசுவதற்குக் கூடுதலாகச் சில நிமிடங்கள்தான் ஆகும். வெளிநாடாக இருந்தால் நேர வேறுபாட்டுக்காக இரவில் விழித்திருக்க நேரலாம். முதலில் மின்னஞ்சலில் கேள்விகளை அனுப்பி, பதில் வந்தபின் அழைக்கலாம். கேரிங்பா விவகாரத்தில் தேவைப்பட்டது இந்த அளவுக்கான உழைப்புதான்.

கேள்விகள் எப்படி அமைகின்றன என்பதைப் பொறுத்தே பதிலின் பயன் இருக்கிறது. ‘ஆள் எப்படி?’ என்று கேட்டால் ‘நல்ல பையன்தான்’ என்று வரும். நான் ஆள் எடுக்கும்போது முதலில் தேதிகளையும் பதவியையும் கேட்டு, விண்ணப்பத்தோடு ஒப்பிட்டுக்கொள்வேன். இரண்டு மாத வித்தியாசம் இருந்தால் அது மறதியாகவும் இருக்கலாம், மறைக்கப்பட்ட ஒரு வேலையாகவும் இருக்கலாம். பிறகு, அவர் எந்த வயதுக் குழந்தைகளோடு இருந்தார், எந்த அளவு தனியாக விடப்பட்டார் என்று கேட்பேன். அதன் பின்னரே நேரடியாக: ‘குழந்தைகளிடம் அவர் நடந்துகொண்ட விதம் குறித்து எந்தக் கட்டத்திலாவது கவலை எழுந்ததா? ஏதேனும் விசாரணை நடந்துகொண்டிருந்தபோது அவர் வேலையை விட்டாரா? இதே பொறுப்புக்கு அவரை மறுபடியும் எடுப்பீர்களா, மேடம்?’

அந்தக் கடைசிக் கேள்விக்கு உடனே ‘கட்டாயம் எடுப்பேன், எப்போது வேண்டுமானாலும் அனுப்புங்கள்’ என்று வரும் பதிலுக்கும், ‘அது... எங்கள் மேலிடத்துக் கொள்கையைப் பொறுத்தது’ என்று இழுபட்டு வரும் பதிலுக்கும் உள்ள தூரம் எழுத்தில் தெரியாது. இழுத்துப் பேசுபவரிடம் உடனே முடிவுக்கு வந்துவிடாமல், ‘கொள்கை ஒருபுறம் இருக்கட்டும், உங்கள் அறைக்கே அவர் திரும்பி வந்தால் உங்களுக்குச் சரியாக இருக்குமா?’ என்று ஒருமுறை கூடக் கேட்பதுண்டு. பெரும்பாலும் கொள்கை என்பது கொள்கைதான்; எந்த ஊழியருக்கும் அந்த நிறுவனம் தேதிகளுக்கு மேல் எதையும் சொல்வதில்லை. சில வேளைகளில் மட்டும், மறுமுனையில் ஒரு பெருமூச்சுக்குப் பிறகு, ‘நீங்கள் எங்கள் இயக்குநரிடமும் ஒரு வார்த்தை பேசிவிடுவது நல்லது’ என்ற பதில் வருகிறது. அதைக் குறித்துக்கொண்டு, சொன்னபடியே அந்த இயக்குநரிடம் பேசிய பிறகுதான் கோப்பை நகர்த்த வேண்டும்.

பதில் சொல்பவரின் அச்சம்

முந்தைய நிறுவனங்கள் ஏன் இத்தனை சுருக்கமாகப் பேசுகின்றன என்பதைப் புரிந்துகொள்ளாமல் அவர்களைக் குறைசொல்வதில் நியாயமில்லை. அன்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் செயல்பட்ட பிரபுக்கள் சபை 1994-இல் ஸ்பிரிங் எதிர் கார்டியன் அஷூரன்ஸ் வழக்கில், பரிந்துரை எழுதும் முதலாளி அந்த ஊழியருக்குக் கவனக் கடமை உடையவர் என்றும், கவனக்குறைவாகத் தவறான பரிந்துரை எழுதினால் நஷ்டஈடு தர நேரலாம் என்றும் தீர்ப்பளித்தது. ஊழியர்களுக்கு அது நியாயமான பாதுகாப்பு. ஆனால் அத்தகைய பொறுப்புக்கு அஞ்சி, தேதியும் பதவியும் மட்டும் தருவது என்று பல நிறுவனங்கள் ஒதுங்கிக்கொண்டன.

எதிர்ப்புறமும் ஒரு தீர்ப்பு உண்டு. கலிஃபோர்னியாவில் ஒரு துணைத் தலைமையாசிரியர் மீது முந்தைய பள்ளி மாவட்டங்களில் மாணவிகளிடம் தகாத முறையில் நடந்ததாகப் புகார்கள் எழுந்திருந்தும், அங்கிருந்த அதிகாரிகள் அவரைத் தயக்கமின்றிப் புகழ்ந்து பரிந்துரைக் கடிதங்கள் எழுதிக் கொடுத்தார்கள் என்றும், புதிய பள்ளியில் அவர் 13 வயதுச் சிறுமி ஒருத்தியிடம் அத்துமீறினார் என்றும் அந்தச் சிறுமியின் தரப்பு வழக்குத் தொடுத்தது. 1997-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், எதையும் எழுதாமல் இருப்பது ஒன்று, எழுதத் துணிந்த பிறகு பாதி உண்மையைச் சொல்லி அடுத்தவரைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்வது வேறு என்று பிரித்துப் பார்த்து, இரண்டாவது வகைக்கு எழுதியவர்கள் பொறுப்பாக வேண்டியிருக்கும் என்றது. 2015-ஆம் ஆண்டு அமெரிக்கக் கல்விச் சட்டம், சிறுவர்களிடம் பாலியல் முறைகேட்டில் ஈடுபட்டவர் என்று தெரிந்தே ஒரு பள்ளி ஊழியருக்கு வேறு பள்ளியில் வேலை கிடைக்க உதவுவதைத் தடைசெய்யுமாறு மாநிலங்களைப் பணித்தது. பிரச்சினைக்குரிய ஊழியரைச் சத்தமில்லாமல் அடுத்த இடத்துக்கு அனுப்பிவைக்கும் வழக்கம் எவ்வளவு பரவலாக இருந்தால் அதற்கென ஒரு சட்டப்பிரிவு தேவைப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

ஆகவே நாளை நம்மிடமும் ஒருவர் அழைத்துக் கேட்பார் என்ற நினைவோடு, ஓர் ஊழியர் விலகும்போதே கோப்பில் காரணத்தைத் தேதியிட்டு எழுதி வைக்க வேண்டும். மேலாளர்களும் மாறிவிடுவார்கள், மூன்று ஆண்டு கழித்து அழைப்பு வரும்போது, அன்று பணியில் இருப்பவருக்கு அந்தக் கோப்பைத் தவிர வேறு நினைவு இருக்காது.

விண்ணப்பதாரருக்குரிய நியாயம்

இத்தனை சொன்ன பிறகு, வேலை தேடி வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் குழந்தைகளை நேசித்து இந்தக் குறைந்த சம்பளத் தொழிலுக்கு வருபவர்கள் என்பதை மறக்கக் கூடாது. பொய்யென்றோ ஆதாரமற்றதென்றோ தீர்மானிக்கப்பட்ட குற்றச்சாட்டுகளைப் பரிந்துரையில் குறிப்பிடக் கூடாது என்று இங்கிலாந்தின் வழிகாட்டி சொல்வது சரியானது. ஒரு காப்பகத்தின் குறைகளை மேலிடத்தில் புகார் செய்ததற்காகவே ஒருவருக்கு மோசமான பரிந்துரை எழுதப்படுவதும் உண்டு. அதனால் எதிர்மறையான பதில் வந்தால், விண்ணப்பதாரரை அழைத்து அவர் தரப்பைக் கேட்டு, வேறொரு மேற்பார்வையாளரிடமும் விசாரித்து, இரண்டு பேராக உட்கார்ந்து முடிவெடுத்து அதை எழுதி வைக்க வேண்டும். பிள்ளை வளர்ப்புக்காகப் பல ஆண்டுகள் வீட்டில் இருந்துவிட்டு வரும் பெண்ணுக்குக் கடைசி முதலாளி என்று யாரும் இல்லாமல் இருக்கலாம். பயிற்சி பெற்ற நிறுவனத்தின் ஆசிரியரையோ, தன்னார்வமாகப் பணி செய்த இடத்தின் பொறுப்பாளரையோ கேட்கலாம். இடைவெளி இருப்பது குறையன்று. விளக்கம் கேட்கப்படாத இடைவெளிதான் குறை.

நியமனத்துக்குப் பிறகு

ஆணையம் 2017-இல் தன் இறுதி அறிக்கையில் முன்வைத்த 10 குழந்தைப் பாதுகாப்புத் தரங்களில் ஐந்தாவது, குழந்தைகளோடு பணிபுரிவோர் தகுதியானவர்களாகவும் போதிய ஆதரவு பெறுபவர்களாகவும் இருக்க வேண்டும் என்பது. பரிந்துரையாளர்களை விசாரிப்பது அதன் கீழ் வருகிறது. 2019-இல் ஆஸ்திரேலிய அரசுகள் ஏற்றுக்கொண்ட தேசியக் கோட்பாடுகளும் அந்தத் தரங்களை ஒட்டியே அமைந்தன. தகுதியும் ஆதரவும் ஒரே வரியில் வைக்கப்பட்டிருப்பது கவனத்துக்குரியது. விசாரணை முடிந்து சேர்ந்தவருக்கும் தகுதிகாண் காலம் உண்டு. அந்தக் காலத்தில் அவர் தனியாக விடப்படாமல் மூத்தவரோடு சேர்ந்து பணிபுரிவதும், முதல் மாத முடிவில் மற்ற ஊழியர்களிடம் அவரைப் பற்றிக் கேட்பதும் நியமன விசாரணையின் தொடர்ச்சியே.

அதே போல, பதவி உயர்வையும் ஒரு புதிய நியமனமாகக் கருத வேண்டும் என்பது என் கருத்து. தற்காலிக உதவியாளராக வந்தவர் ஒருங்கிணைப்பாளர் ஆகும்போது அவருடைய அதிகாரம் மாறுகிறது. சாவி, அட்டவணை, பெற்றோருடனான தொடர்பு எல்லாம் அவர் கைக்கு வருகின்றன. அவரைக் கேள்வி கேட்கக்கூடிய சக ஊழியர்கள் இப்போது அவருக்குக் கீழே வந்துவிடுகிறார்கள். முதல் நாளில் அவசரத்தில் விட்டுப்போன அழைப்பு ஏதேனும் கோப்பில் நிலுவையில் இருந்தால், உயர்வுக் கடிதத்தில் கையெழுத்திடும் முன் அதை முடித்தாக வேண்டும்.